ஒற்றைச் செருப்பு

என் மகளுக்கு நான்கு வயது நடந்தபோது எங்கள் வீட்டில் மிகப் பத்திரமாக இருந்த பொருள் ஒரு மஞ்சள் அட்டை. உள்ளங்கை அகலம்தான். பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சு வராத பிள்ளைகளைப் பார்க்கும் சிறப்பு டாக்டரிடம் அவளை அழைத்துப் போக வேண்டிய நாளை அதில் எழுதியிருந்தார்கள். அட்டை கைக்கு வந்த அன்று, அந்த நாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. மனைவி அதைப் பிறப்புப் பத்திரத்தோடு ஒரு மைலோ டின்னுக்குள் வைத்து மூடினாள்.

மகள் பேசவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் தெருமுனையில் மினிபஸ் பிரேக் போட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். அதனால் காதில் கோளாறு இல்லை என்று எங்களுக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தாடிக்காவில், அதாவது பள்ளிக்கு முந்திய வகுப்பில், சேர்த்துப் பார்த்தோம். ஒன்பதாம் நாள் டீச்சர் அவளையும் அவள் பையையும் ஒன்றாகக் கொண்டுவந்து நான் வேலை செய்யும் கடை வாசலில் விட்டார். இன்னும் கொஞ்சம் வளரட்டும் அங்கிள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகுதான் அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். அங்கே வயதான தமிழ் மிஸ்ஸி ஒருவர் இருந்தார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். ஆட்டிசம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்துதான் முதன்முதலில் கேட்டேன். அதுவாக இருக்கலாம், ஆனால் டாக்டர்தான் முடிவாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லி அந்த மஞ்சள் அட்டையை எழுதிக் கொடுத்தார். பெட்டாலிங் ஜெயாவில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன வகுப்பு நடக்கிறது, டாக்டர் கடிதம் இருந்தால்தான் சேர்ப்பார்கள் என்றும் சொன்னார். ஆக, எங்களுக்கு வேண்டியது அந்தக் கடிதம். அது கிடைக்க வேண்டுமானால் அந்த நாள் வர வேண்டும்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். அப்போதே நாற்பதைத் தாண்டிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு டோபி கடையில் வேலை. வெளுத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, கேட்டில் மூட்டையை மாட்டி மணியை அடித்துவிட்டு, ஆள் வெளியே வருவதற்குள் சைக்கிளில் ஏறிவிடுவேன். மகளுக்குப் பேச்சு வரவில்லை என்று தெரிந்ததும், அப்பனைப் போலத்தானே பிள்ளை இருக்கும் என்று பலர் சொன்னார்கள். சிரிப்புக்குச் சொன்னவர்களும் உண்டு, குத்திக்காட்டச் சொன்னவர்களும் உண்டு. ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது அதை நிமிர்த்திக்கொண்டு எழுதுகிறேன். ஆமாம், என்னைப் போலத்தான். அதனால் என்ன?

மனைவிக்கு சுங்கைவேயில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் பிள்ளை பகல் முழுவதும் என்னோடு கடையில்தான். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், இஸ்திரி மேசைப் பக்கம் அவள் வரக் கூடாது. மற்றபடி அவருக்கு அவளைப் பிடிக்கும். "என் கடையில வாயத் திறக்காம வேலை பாக்கறது ரெண்டே பேருதான். அதுல இவ சம்பளம் கேக்கறதில்ல" என்பார்.

பின்கட்டில் துணி மடிக்கும் மேசைக்கு அடியில் அவள் இடம். ஒருநாள் மேசை ஓரத்தில் நான் அடுக்கி வைத்திருந்த ஹோட்டல் படுக்கை விரிப்புகள் சரிந்து அவள்மேல் விழுந்தன. நனைந்தால் ஆள் தூக்க முடியாத கனத்துணி அது. காய்ந்தாலும் பத்து விரிப்பு நல்ல பாரம்தான். பதறி ஓடினேன். அவள் மல்லாந்து படுத்திருந்தாள். கழுத்துவரை விரிப்பு. முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஓர் அமைதி. எடுக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டாள். அன்று முதல் தினமும் மத்தியானம் நானே நான்கு விரிப்புகளை மடித்து அவள் மடியில் வைப்பேன். அழுகை வரும் நேரத்திலும் அதுதான் மருந்து. எந்தப் புத்தகத்திலும் படித்துச் செய்யவில்லை. கண்ணால் பார்த்ததைச் செய்தேன்.

அவளுக்கென்று சில வழிகள் இருந்தன. தாகம் எடுத்தால் பச்சைப் பிளாஸ்டிக் கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் திணிப்பாள். வெளியே போக வேண்டுமென்றால் வாசலுக்குப் போய் என் செருப்பில் ஒன்றை, ஒன்றை மட்டும், எடுத்துவந்து என் மடியில் வைப்பாள். இடது காலா வலது காலா என்பதெல்லாம் அவளுக்கு இல்லை. மாட்டிக்கொண்டு நான் எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பேச்சு இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கிள்ளானில் மச்சான் வீட்டுக்குப் போவோம். மச்சான் என் மனைவியின் அண்ணன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சாயங்காலத்தில் அவர் வீட்டு ஹாலில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கும். அவர் கை பட்டால் எந்தப் பிள்ளையும் பாஸாகிவிடும் என்று அந்த வட்டாரத்தில் பேச்சு. ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, சோதனைக்குமேல் சோதனை எழுதி மேலே வந்தவர். அதை மறக்காமல் எங்களுக்கும் கை கொடுப்பவர். அவர்மேல் எனக்கு அப்போதும் மரியாதை, இப்போதும் மரியாதை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மஞ்சள் அட்டையை மனைவி அவரிடம் காட்டினாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, டாக்டர் அங்கே என்னென்ன கேட்பார் என்று எங்களிடம் விசாரித்தார். கிளினிக்கில் மிஸ்ஸி கேட்டதைச் சொன்னோம். பெயர் சொன்னால் திரும்புகிறாளா, கண்ணைப் பார்க்கிறாளா, மூக்கு எங்கே என்றால் தொடுகிறாளா. அவர் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து அத்தனையையும் வரிசையாக எழுதிக்கொண்டார்.

"இவ்வளவுதானே? ஏழு மாசம் இருக்கு. பாஸ் பண்ண வெச்சிரலாம்லா" என்றார்.

அந்தத் தவறை அவர் ஒருவர் மேல் போட மாட்டேன். எங்கள் எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெள்ளைச் சட்டை போட்டவர் பேனாவோடு உட்கார்ந்து கேள்வி கேட்டால் அது சோதனை. சோதனை என்றால் தேற வேண்டும். தேறாதவர்களைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் தலைமுறைக்கு வேறு எதுவும் தெரியாது. டாக்டர் கேட்பது குறையைக் கண்டுபிடித்து உதவுவதற்கு, அதை மறைத்தால் உதவியும் போய்விடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இல்லை, எனக்கு மட்டும் லேசாகத் தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

பாடம் தொடங்கியது. சின்னப் பொத்தான் அளவில், மேலே கலர் சீனிப்பூ வைத்த பிஸ்கட் ஒரு டின் நிறைய. மச்சான் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, பிஸ்கட்டைத் தன் கண்ணுக்கு நேராகப் பிடிப்பார். அவள் பிஸ்கட்டைப் பார்ப்பாள், கண்ணைப் பார்த்ததுபோல இருக்கும். மூக்கு எங்கே என்று கேட்டு, அவள் விரலைப் பிடித்து மூக்கில் வைத்து, உடனே பிஸ்கட். காது. தலை. பிறகு பெயர். ஞாயிறு போதாதென்று பள்ளி விடுமுறையில் அவளையும் என்னையும் கிள்ளானிலேயே தங்க வைத்தார். அடிக்கவில்லை, திட்டவுமில்லை. டியூஷன் பிள்ளைகளிடம் காட்டாத பொறுமையை அவளிடம் காட்டினார். நாலரை மாதத்தில் அவள் தன் பெயரைச் சொன்னாள். கேள்வி கேட்டால் மட்டும், ஒரே ராகத்தில். என் மனைவி சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். நானும் அழுதேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்தச் சமயத்தில் கிளினிக்கில் ஒரு மறுபார்வைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மச்சான் டை கட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். வயதான மிஸ்ஸி அன்று விடுப்பு. புதிதாக வந்த இளம் மலாய் மிஸ்ஸி கேள்விகள் அச்சடித்த பாரத்தை எடுத்து மலாயில் கேட்கக் கேட்க, மச்சான் அதைத் தமிழில் மகளிடம் கேட்டார். எந்த வாக்கியத்தைப் பிஸ்கட்டோடு பழக்கினாரோ அச்சு அசலாக அதே வாக்கியம், அதே குரல். அவர் சட்டைப் பைக்குள் சின்ன டின்னில் பிஸ்கட் குலுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. மகள் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கைத் தொட்டாள், காதைத் தொட்டாள், பெயரைச் சொன்னாள். மிஸ்ஸிக்கு நிஜமாகவே சந்தோஷம். பிள்ளை நன்றாக முன்னேறிவிட்டாள், பெரிய டாக்டர் தேவைப்படாது, அந்த நாளை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம் என்றார். மஞ்சள் அட்டையில் தேதியின் மேல் ஒரு கோடு இழுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் மச்சான் என் முதுகில் தட்டினார். "பாஸாயிட்டா மாப்ள" என்றார். வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் மைலோ டின்னைத் திறந்தேன். உள்ளே பிறப்புப் பத்திரம் மட்டும் இருந்தது.

நான் சொல்ல வந்தது அதற்கு மூன்று நாள் கழித்து நடந்தது.

கடையில் வேலை அதிகம். மத்தியான வெயிலில் தகரக் கூரை கொதித்தது. மகள் மேசைக்கடியிலிருந்து எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். மூக்கைத் தொட்டாள். நான் சிரித்துவிட்டுச் சட்டையை மடித்தேன். காதைத் தொட்டாள். தலையைத் தொட்டாள். தன் பெயரைச் சொன்னாள். மறுபடி மூக்கு. மறுபடி பெயர். வேகம் கூடிக்கொண்டே போனது. எனக்குப் புரியவில்லை. கடைசியில் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். கடித்த இடத்தில் பழைய பல்தடங்களும் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். விரிப்பை எடுத்து மடியில் வைத்தேன், உதைத்துத் தள்ளினாள். முதலாளிதான் ஓடிவந்து, பிள்ளை உதடு காய்ந்து கிடக்கிறதே என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இரண்டு கோப்பை குடித்தாள்.

பச்சைக் கோப்பை வழக்கமான இடத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. எதையாவது கேட்க வேண்டுமானால் மூக்கைத் தொட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் பழக்கிவிட்டோம். கேட்டது தண்ணீராக இருந்தாலும் சரி. யோசித்துப் பார்த்தேன். அவள் என் செருப்பை எடுத்துவந்து எத்தனை நாளாகிறது? எனக்கு நினைவில்லை. மாதங்களாக இருக்க வேண்டும். அவளுக்கு இருந்த பேச்சைப் பிடுங்கிக்கொண்டு, எங்களுக்குப் பிடித்த ஒரு பேச்சைக் கையில் கொடுத்திருந்தோம். அதை வைத்து அவளால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்க முடியவில்லை.

அந்த ஞாயிறு கிள்ளானில் மச்சான் அடுத்த பாடத்துக்குப் புத்தகத்தைத் திறந்தபோது, இனி வேண்டாம் என்றேன். நடந்ததைச் சொன்னேன். மறுநாள் கிளினிக்குக்குப் போய் அந்த நாளைத் திரும்பக் கேட்கப் போகிறேன் என்றேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீடு கேட்டதில்லை. டியூஷனுக்குச் சீக்கிரமே வந்த இரண்டு பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

மச்சானின் முகம் சிவந்தது. "நல்லா இருக்குன்னு கவர்மெண்டே எழுதிருச்சு. நீங்க போயி, இல்ல, என் பிள்ளை சரியில்லன்னு எழுதி வாங்கப் போறீங்களா? ஒரு தடவை எழுதிட்டா அது அழியுமா மாப்ள?"

எனக்குத் தெரிந்தது என் தொழில்தான். அதை வைத்துச் சொன்னேன். எங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொரு சட்டைக்கும் காலருக்குள் அழியாத மையில் குறி போடுவோம். எந்த வீட்டுத் துணி என்று அதை வைத்துத்தான் தெரியும். "குறி போடறது அழுக்குன்னு சொல்லி இல்ல மச்சான். குறி இல்லாத துணிதான் தொலைஞ்சு போவுது."

"சட்டையும் பிள்ளையும் ஒண்ணா?"

"ஒண்ணில்ல. சட்டை தொலைஞ்சா வேற வாங்கிக் கொடுத்துடுவேன்."

அவர் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போனார். அன்று சாப்பிடாமலே திரும்பினோம். பஸ்ஸில் மனைவி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அண்ணனா கணவனா என்று அவள் தடுமாறுகிறாள் என நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் நான்கு படுக்கை விரிப்புகளை மடித்து மூட்டையாகக் கட்டினாள். கிளினிக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், பிள்ளைக்கு வேண்டும் என்றாள்.

மறுநாள் காலை ஒரு கையில் மகள், தோளில் மூட்டையோடு போய் நின்றேன். வரிசையில் எல்லாரும் மூட்டையைப் பார்த்தார்கள். துணி கொடுக்க வந்தவன் என்று நினைத்து ஒருவர் பின்வாசலைக் காட்டினார். இளம் மிஸ்ஸியிடம் எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சில், விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிள்ளை எல்லாவற்றையும் செய்ததைத் தன் கண்ணால் பார்த்தேனே, பாரத்தில் அதைத்தானே எழுதியிருக்கிறேன் என்றார். அவர் மேல் தப்பில்லை. சரி, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நாற்காலி வரிசையின் கடைசியில் உட்கார்ந்தேன். மகள் நாற்காலிக்கு அடியில் புகுந்தாள். விரிப்புகளை அவள் மடியில் வைத்தேன். முதலில் தள்ளினாள். மறுபடி வைத்தேன். இரண்டாம் தடவை தள்ளவில்லை.

ஜனங்கள் வந்தார்கள், போனார்கள். ஓர் அம்மாள், பிள்ளையைத் தூக்கி மேலே உட்கார வைக்கக் கூடாதா, தரை அழுக்கு என்றார். வேறு நாளாக இருந்தால் தூக்கி வைத்திருப்பேன். அவளுக்கு அங்கேதான் பிடிக்கும் அக்கா என்று சொல்லிவிட்டு அப்படியே இருந்தேன். கூட்டம் குறைந்த பிறகு வயதான மிஸ்ஸி உள்ளேயிருந்து வந்தார். குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் விரிப்பின் ஓரத் தையலை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள், திரும்பவில்லை.

"என்னண்ணே இது?" என்றார்.

"மிஸ்ஸி, போன வாரம் இங்க எழுதினது என் பொண்ணப் பத்தி இல்ல. நாங்க சொல்லிக் கொடுத்த பாடத்தப் பத்தி. இதுதான் என் பொண்ணு."

அவர் நிமிர்ந்தார். "ஒண்ணும் இல்லன்னு எழுதச் சொல்லி இங்க எத்தனையோ பேரு வந்து அழுதிருக்காங்க. இருக்குன்னு எழுதச் சொல்லி வந்தது நீங்கதான்."

"இருக்கிறத எழுதுங்க. அது போதும்."

நல்லவேளை, ரத்து செய்யும் கடிதம் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தட்டிலேயே கிடந்தது. மிஸ்ஸி அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாரத்தில் வேறு தாள் வைத்து நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பச்சைக் கோப்பை, செருப்பு, விரிப்பு, மணிக்கட்டு எல்லாம். மஞ்சள் அட்டையில் கோடு இழுத்த தேதிக்குக் கீழே அதே தேதியை மறுபடி எழுதிக் கொடுத்தார்.

மிச்சம் இருந்த நாட்களில் நாங்கள் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் கெடுத்ததைச் சரிசெய்யப் பார்த்தோம். வீட்டில் பழக்க மச்சான் தந்திருந்த பிஸ்கட் டின்னைக் கிள்ளானுக்கே திருப்பி அனுப்பினேன். அவள் மூக்கைத் தொட்டு நின்றால் பச்சைக் கோப்பையை எடுத்து அவள் கையில் வைத்து, அதை என் கைக்கு வாங்கிக்கொண்டு தண்ணீர் கொடுப்பேன். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. மூன்றாம் வாரம் தானாகக் கோப்பையை எடுத்துவந்தாள். செருப்பு மட்டும் வரவில்லை. வெளியே போக ஆசை வந்தால் வாசலில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டு தன் பெயரைச் சொல்லுவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். மணிக்கட்டுக் காயம் ஆறியது.

அந்த நாள் வந்தது. மனைவி லீவு எடுத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். டை இல்லை. கிள்ளானிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். தானும் வரலாமா என்று கேட்டார். "வாங்க மச்சான். டாக்டர் ரூமுக்குள்ள மட்டும் வேண்டாம்" என்றேன். சரி என்று தலையசைத்து, என் தோளிலிருந்த விரிப்பு மூட்டையை வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசல்வரை அதை அவரே சுமந்து வந்தார்.

டாக்டர் அறையில் தரையெல்லாம் பாய் விரித்து விளையாட்டுச் சாமான்கள் வைத்திருந்தார்கள். செருப்பை வெளியே விட வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, மெதுவாகப் பேசுபவர். மகள் பெயரைக் கூப்பிட்டார். திரும்பவில்லை. பொம்மையைக் காட்டினார். அவள் அதன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். மூக்கு எங்கே என்றார். மலாயில் கேட்டதால் அது அவளுக்கு வெறும் சத்தம். பழைய பழக்கத்தில் என் உதட்டில் அந்தத் தமிழ் வாக்கியம் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் எழுதினார், பார்த்தார், மறுபடி எழுதினார். அவள் தேறவில்லை. ஒவ்வொன்றிலும் தேறாமல், எங்கள் கண்முன்னால், தன் இஷ்டத்துக்கு இருந்தாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். அவள் எழுந்து நேராகக் கதவுக்குப் போனாள். திறந்தே இருந்தது. வெளியே நிறையச் செருப்புகள் கிடந்தன. அவற்றில் என்னுடையதில் ஒன்றை, ஒன்றை மட்டும், எடுத்துக்கொண்டு அந்தச் சுத்தமான பாய்மேல் நடந்து வந்து என் மடியில் வைத்தாள்.

என்ன செய்கிறாள் என்று டாக்டர் என் மனைவியைக் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். போதும், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்கிறாள் என்றேன்.

சொல்கிறாளா, என்று டாக்டர் திருப்பிக் கேட்டார்.

ஆமாம் டாக்டர், சொல்கிறாள்.

டாக்டர் பேனாவை எடுத்துப் புதிய தாள் ஒன்றில் எழுதத் தொடங்கினார். கடிதம் பிறகு வந்தது, வகுப்பில் இடமும் கிடைத்தது. ஆனால் அந்த நிமிடத்தில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. மகள் என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கதவில் ஒட்டியிருந்ததை நான் நன்றாகப் படித்திருந்தேன். இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன். டாக்டர் எழுதி முடிக்கும்வரை அந்தப் பாய்மேல், ஒரு காலில் செருப்போடு, நிமிர்ந்து நின்றேன்.